ஓர் அங்குலப் பலகை

காற்றை அடைத்து, அந்த அழுத்தத்தால் ஒரு பொருளை எறிகிற கருவி ஆயுதமா இல்லையா என்று தீர்மானிக்க அந்தக் காலத்து ஆயுத விதிகளில் ஒரு சோதனை இருந்தது. ஓர் அங்குல கனமுள்ள மரப்பலகையைச் சில கஜம் தள்ளி நிறுத்தி அதன்மேல் சுட வேண்டும். துளைத்துக்கொண்டு போனால் ஆயுதம், உரிமம் வேண்டும். போகாவிட்டால் விளையாட்டுச் சாமான். யாரையும் கேட்க வேண்டியதில்லை. வருவாய்த்துறையில் வாழ்நாள் முழுக்க விதிகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், இவ்வளவு தெளிவான விதிகள் குறைவு. 1974இல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம் இந்த விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தால், ஒருவன் இன்றைக்கு மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பான். பின்பற்றப்படவில்லை. அதற்குக் காரணமானவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூவரில் ஒருவர் போலீஸ் ஏட்டு, மற்ற இருவர் என் நண்பர்கள். நண்பர்கள் என்று எழுதுவது வேறு சொல் கிடைக்காததால். செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் படித்தோம். படித்து முடித்த பிறகும் ஒருவரை ஒருவர் விட்டுப் போகும் அளவுக்கு யாருக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒருவன் பஜாரில் உருளைக்கிழங்கு, வெங்காய மண்டி வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தின் பையன். அந்த வீட்டில் முதன்முதலாக மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கியவன். மண்டியை அவன் வெறுத்த மாதிரி யாரும் எதையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. வெங்காயச் சருகு ஒட்டாத சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், யாரோ சம்பளம் கொடுக்கிற இடத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அது கிட்டத்தட்டக் கையில் கிடைத்தும் விட்டது. கடற்கரையில் அப்போது கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்திய அரசுத் திட்டத்தில் அவனுக்கு வேலை என்று உத்தரவு வந்தது. போலீஸ் விசாரித்து, ஆள் நல்லவன் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரிதான் பாக்கி.

இன்னொருவன் குழாய்க்கடையில் இருந்தான். மாமாவின் கடை. போர் பைப், கைபம்பு, வால்வு, அடைப்பு என்று இரும்புக்கு நடுவே வளர்ந்தவன். அவன் வாயிலிருந்து யாரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் இது ஆரம்பித்தது. போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்த மண்டிக்காரன் தினமும் அங்கே உட்கார்ந்து, தான் படித்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அழுத்தம், கொள்ளளவு, காற்று விரிவது. குழாய்க்கடைக்காரன் எவ்வளவு நேரம்தான் கேட்பான்?

"இன்னா மச்சான், சும்மா காத்து காத்துன்னு பேசிகினு கீற. ஒன் காத்த வெச்சி ஒரு ஈய ஓட்ட முடியுமா?"

"ஒரு உருளக்கெழங்க ஏரிய தாண்டி எறிய முடியும்."

"கையாலயா?"

"காத்தாலடா, பேமானி."

"எங்க வூட்டுக் கோழி கூட அத நம்பாது."

இப்படித்தான் அந்தச் சாமான் பிறந்தது. எதற்கும் பயன்படாத ஒன்றைச் செய்ய இரண்டு பேருக்கு இடையே பகை ஒன்று போதும், காசுகூட வேண்டாம். தடித்த ஜி.ஐ. பைப் ஒரு துண்டு, இரண்டு முனையும் அடைத்து, லாரி டியூபின் வால்வை அதில் பற்றவைத்தார்கள். காற்றடிக்கிற வழி அது. பைப் துண்டின் மறுமுனையில், திறந்து மூட இன்னொரு வால்வு. வால்வுக்கு அப்புறம் இரண்டு அங்குலக் குழாய், ஓர் ஆள் உயரம். குழாயின் வாயை உள்பக்கமாக ராவிக் கத்தி மாதிரி கூராக்கியிருந்தான். உருளைக்கிழங்கை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஓரமெல்லாம் தானாகவே சீவிக்கொண்டு, உள்ளே காற்றுப் புகாமல் இறுகி உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு மூங்கிலால் அடிவரை தள்ள வேண்டும். சீவல்கள் கீழே விழும். அவற்றை மண்டிக்காரன் காலால் ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவன் அப்பா, அந்த வீட்டு வழக்கில் அத்தா, பார்த்தால் பொறுக்கியிருப்பார்.

கொளவாய் ஏரிக்கரையில் நடந்த முதல் சோதனை கேவலமாக முடிந்தது. சக்கரத்தைச் சுற்றித் திறக்கிற வால்வைப் போட்டிருந்தார்கள். சுற்றச் சுற்றக் காற்று கசிந்தது. உருளைக்கிழங்கு குழாயிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்து, மண்டிக்காரன் காலடியிலேயே விழுந்தது.

"நடந்து போயிருந்தா கூட இத்த விட தூரம் பூட்ருக்கும்," என்றான் குழாய்க்கடைக்காரன்.

ஆனால் அடுத்த வாரமே ரைஸ் மில் பழைய பாய்லரிலிருந்து கழற்றிய ஒரு காக் வால்வு கொண்டுவந்தவனும் அவன்தான். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் வழி முழுதும் ஒரே வீச்சில் திறந்துவிடும். தான் தோற்க வேண்டிய பந்தயத்துக்குத் தானே ஏன் நல்ல வால்வு கொண்டுவந்தான் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது தெரியும்: நண்பன் ஜெயிப்பதைவிட, தான் செய்த சாமான் உருப்படாமல் போவது அவனுக்கு அதிக எரிச்சல்.

அந்த இரண்டாவது சோதனையில் உருளைக்கிழங்கு போனது. சத்தம் துப்பாக்கிச் சத்தம் இல்லை; பெரிய ஜாடியின் மூடியைப் பிடுங்கியது போல ஒரு 'தொப்'. ஏரியின் நடுவே தெப்பத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆளுக்குப் பக்கத்தில் தண்ணீர் எழும்பியது. அந்த ஆள் தெப்பத்தில் படுத்துக்கொண்டு, "சுட்றானுங்கோ! சுட்றானுங்கோ!" என்று கத்தினான். ரயில்வே குடியிருப்பில் ஜன்னல்கள் திறந்தன.

மறுநாளே பஜாரில் பேச்சு. மண்டிப் பையன் துப்பாக்கி செய்திருக்கிறான். எந்த வீட்டுப் பையன் என்பதையும் அழுத்திச் சொன்னார்கள். அந்த அழுத்தம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது, அவன் அத்தாவுக்கும் புரிந்தது. அவர் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. வராந்தாவில் நின்றுகொண்டே பேசினார்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, நீங்க ஆபீஸ்ல கீறவரு. சட்டம் தெரிஞ்சவரு. அவனுக்கு இந்த வேல போச்சுன்னா அவன் என்னோட ஒக்கார மாட்டான், வூட்ட விட்டே பூடுவான். இது துப்பாக்கி இல்லன்னு யார் எழுதிக் குடுக்கணுமோ அவங்க எழுதிக் குடுக்க வழி பண்ணுங்க."

வழி இருந்தது. மேலே சொன்ன விதி. முறையாக யோசித்தேன். இது ஆயுதம் இல்லை என்று நாமே ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதில் பயனில்லை; சாட்சி வைத்துச் சோதனை நடத்திப் பதிவு செய்துவிட்டால், பிறகு எந்தப் பேச்சும் நிற்காது. அவனைப் பற்றிய விசாரணை அறிக்கை உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து போக வேண்டியது. ஆகவே சோதனையை அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வைக்கக் கூடாது. கடற்கரை வேறு எல்லை. அங்கே ஆள் நடமாட்டமும் குறைவு. அந்த எல்லை ஸ்டேஷனுக்கு (எது என்று எழுதப்போவதில்லை) ஒரு கடிதம் எழுதினேன். சோதனை எங்கே, எப்போது, எந்த விதியின் கீழ், பலகை எவ்வளவு கனம், துளைத்தால் என்ன பொருள், துளைக்காவிட்டால் என்ன பொருள், எல்லாம். பார்வையிட ஒருவரை அனுப்பும்படி கேட்டிருந்தேன். அதைவிடச் சுத்தமான கடிதத்தை நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை.

"எதுக்குடா போலீசுக்கு நீயே சொல்ற?" என்றான் குழாய்க்கடைக்காரன். "போற ஓணான புடிச்சி வேட்டிக்குள்ள வுட்டுக்கினு."

"முன்கூட்டியே தகவல் கொடுத்தால் சந்தேகம் வராது."

"அவனுங்களுக்கு சந்தேகமே இல்லாம இருந்துச்சு. இப்ப வரும்."

அவனுக்கு நடைமுறை தெரியாது. தெரியாதவர்கள் பேசுவது அப்படித்தான் இருக்கும்.

சோதனைக்குக் குறித்த நேரம் காலை ஒன்பது. நான் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் மண்டி வாசலில் நின்றேன். குழாய்க்கடைக்காரன் சாமானைக் கோணியில் சுற்றித் தோளில் வைத்திருந்தான். மண்டிக்காரன் வெளியே வரவில்லை. காரணம், போணி ஆகவில்லை. முதல் வியாபாரம் ஆகிக் காசு கைக்கு வருவதற்கு முன்னால் அந்த மண்டியிலிருந்து ஒரு வெங்காயத் தோல்கூட இனாமாக வெளியே போகாது. மகனின் தலையெழுத்தே அந்த உருளைக்கிழங்கில்தான் இருந்தது. இருந்தாலும் போணிக்கு முன்னால் கூடாது.

"வேறு கடையில் அரை கிலோ வாங்கிக்கொண்டு போகலாம்," என்றேன்.

மண்டிக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "எங்க வூட்டு ஆளு வேற கடைல கெழங்கு வாங்குனான்னு பஜார் பூரா சிரிக்கணுமா?"

"நீ இந்த மண்டியையே விட்டுப் போகிறவன்தானே?"

"போவேன். அதுக்கோசரம் வேற கடைல வாங்க மாட்டேன்."

எட்டரைக்கு ஒரு ஓட்டல்காரன் வந்து மூட்டை எடுத்த பிறகுதான் எங்களுக்கு ஒரு பை உருளைக்கிழங்கு கிடைத்தது. பஸ்ஸில் சாமானை மேலே போடும்போது கண்டக்டர், "இன்னாய்யா இது?" என்றார். "போர் பைப்பு," என்றான் குழாய்க்கடைக்காரன். பொய்யும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மாறி, மாமல்லபுரத்தைத் தாண்டி, தோப்பு ஓரமாக மணலில் நடந்து சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தார். ஓர் ஏட்டு. சைக்கிளைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதிலிருந்து அந்த வெயிலில்.

"யாருய்யா இங்க லெட்டர் எழுதுனது?"

"நான்தான்."

"ஒம்போதுன்னு எழுதிட்டு பதினொன்ர மணிக்கி வந்துகினு கீற. நான் இன்னா ஒன் வூட்டு வேலக்காரனா? நாஸ்தா கூட துன்னல."

போணியைப் பற்றி அவரிடம் விளக்க முயன்றேன். அது தவறான அணுகுமுறை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பலகையைக் கொண்டுவரும் பொறுப்பு மண்டிக்காரனுடையது. ஓர் அங்குல கனம், நல்ல மரம், ஒரே பலகை என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். தச்சனிடம் கேட்டால் கொடுப்பான். கோணியைப் பிரித்து அவன் எடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன். சீசனில் அவர்கள் ஆப்பிளும் இறக்குவார்கள். அந்த ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்த பலகைகள். அரை அங்குலம், தக்கை மாதிரி மரம். அரையும் அரையும் சேர்த்து ஆணி அடித்து ஓர் அங்குலம் ஆக்கியிருந்தான். வெளிப்பக்கம் ஒரு ஆப்பிளின் படம் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இரண்டு பலகை," என்றேன்.

"ரெண்டு அர, ஒரு முழு. கணக்கு வராதா ஒனக்கு?"

"விதியில் சொன்னது ஒரே பலகை. இது பெட்டி மரம்."

"மண்டி பூரா பலக கெடக்கு. அத்த வுட்டுட்டு தச்சன் கிட்ட போய் காசு குடுத்து வாங்குவாங்களா?"

இதுதான் அந்தக் குடும்பம். மண்டியில் இருக்கிற எதையும் வெளியே வாங்கமாட்டார்கள். உருளைக்கிழங்கும் அப்படித்தான், மரமும் அப்படித்தான், விதியும் அப்படித்தான் ஆகிவிட்டது. சோதனையை வேறு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று ஏட்டிடம் சொன்னேன்.

"ஒத்தி வெக்கறதா? இன்னொரு வாட்டி நான் இங்க வந்து குந்திகினு இருப்பேன்னு பாத்தியா? அளவு சரியா கீதா? அளந்து காட்டு."

டேப்பை வைத்து அளந்து காட்டினேன். சரியாக ஓர் அங்குலம். "ஆனால் என் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்," என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. குறிக்கவும் இல்லை. இன்றுவரை எந்தக் கோப்பிலும் அந்த ஆட்சேபம் இல்லை.

தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். மண்டிக்காரன் உருளைக்கிழங்கைக் குழாயில் அழுத்தி, மூங்கிலால் தள்ளினான். கால் பம்பை வைத்து மிதித்தான். அளவு காட்டும் முள் முப்பதில் நின்றதும் நிறுத்தினான். ஏரியில் அதே அளவுதான். காக் வால்வைத் திருப்பினான். தொப். உருளைக்கிழங்கு பலகையில் பட்டுக் கூழாகத் தெறித்து, ஆப்பிள் படத்தின்மேல் வழிந்தது. பலகை மணலில் சாய்ந்தது. ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லை. அந்த நொடியில் எல்லாம் முடிந்திருந்தது. ஆப்பிள் பெட்டிப் பலகையாக இருந்தால்கூட விதி அவன் பக்கம். நான் காகிதத்தை எடுத்து, 'துளைக்கவில்லை' என்று எழுத ஆரம்பித்தேன். ஏட்டு எழுந்து பேண்ட்டிலிருந்து மணலைத் தட்டினார்.

அப்போது குழாய்க்கடைக்காரன் வாயைத் திறந்தான்.

"இவ்ளோதானா? இதுக்காடா ரெண்டு மாசம்? எங்க மாமா தும்முனா இத்த விட வேகமா போவும்."

கரைவலைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன், "அண்ணாத்த, மீதி கெழங்க குடு, பொரியல் வெச்சி துன்றோம்," என்றான்.

மண்டிக்காரன் முகத்தைப் பார்த்தேன். அதில் வேலை இல்லை, போலீஸ் இல்லை, அத்தா இல்லை. அவன் பலகையை மறுபடி நிமிர்த்தி நிறுத்திவிட்டு வந்து, அடுத்த உருளைக்கிழங்கைக் குழாயில் குத்தினான்.

"வேண்டாம், முடிந்துவிட்டது," என்றேன்.

"நீ நவுரு."

மிதித்தான். நாற்பது. ஐம்பது. அறுபதைத் தாண்டி முள் போனது. குழாய்க்கடைக்காரன்கூட இரண்டடி பின்னால் போனான். நான் பலகையைக் கீழே தள்ளப் போனேன். ஏட்டு, "ஓரமா நில்லுய்யா, மேல பட்ற போவுது," என்று என் கையைப் பிடித்து இழுத்தார். காக் திரும்பியது.

இந்தத் தடவை தொப் இல்லை. ஓங்கி அறைந்த சத்தம். பலகையில், ஆப்பிள் படத்துக்கு நடுவில், பின்னால் இருந்த கடல் தெரிந்தது.

மண்டிக்காரன் குதித்தான். மணலில் உட்கார்ந்து எழுந்து மறுபடியும் குதித்தான். "பாத்தியாடா! பாத்தியாடா!" என்று குழாய்க்கடைக்காரன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். என் வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கரைவலைக்காரர்கள் கை தட்டினார்கள்.

ஏட்டு பலகைக்குப் பக்கத்தில் போய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "துளைத்துச் செல்லுமாயின், ஆயுதமாகக் கருதப்படும்." என்னைப் பார்த்தார். "நீ எழுதுனதுதான?"

"முதல் தடவை துளைக்கவில்லை. அது பெட்டி மரம். அழுத்தம்..."

"பூந்துச்சா இல்லியா?"

பூந்திருந்தது.

"யாருது இந்த சாமான்?" என்று ஏட்டு கேட்டார். குழாய்க்கடைக்காரன் மூச்சு விடாமல், "என்னுது இல்ல சார், அவனுது," என்றான். அதையும் மறக்கவில்லை. கரைவலைக்காரர்கள் இருவரையும் சாட்சியாக வைத்து மகஜர் எழுதினார்: குழல் வடிவத் துப்பாக்கி ஒன்று, அதற்கான உருளைக்கிழங்குக் குண்டுகள் ஒரு பை. கைப்பற்றியதற்கு ரசீது கேட்டேன். "ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்க," என்றார். ஸ்டேஷனில் போய்க் கேட்டபோது, ஏட்டு கொடுத்திருப்பாரே என்றார்கள். குண்டுகள் பின்னால் எந்தக் கோப்பிலும் காணப்படவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது, வழக்கில் கேள்வி கேட்கலாம். அதற்குப் பதில், இன்ன எல்லையில் வசிக்கும் இன்னாரிடமிருந்து சந்தேகத்துக்குரிய ஆயுதம் கைப்பற்றப்பட்டுள்ளது, மேல் விசாரணையில் உள்ளது என்று இரண்டு வரி எழுதி, செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். நான் தவிர்க்கப் பார்த்த அதே ஸ்டேஷனுக்கு. அந்த வரியிலேயே அவன் அறிக்கை நின்றுவிட்டது. சில மாதம் கழித்து வேலை உத்தரவு காலாவதியானதாகக் கடிதம் வந்தது. ஆயுதம் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால், வயது வரம்பு முடிவதற்குள் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று திட்ட அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அவனுக்கு வயது வரம்பு 1977 ஆகஸ்டில் முடிந்தது.

ஆகவே மனு எழுதினேன். கைப்பற்றிய பொருளை முறையான பலகையில், முறையான அழுத்தத்தில் மறுசோதனை செய்ய வேண்டும் என்று. ஸ்டேஷனுக்கு, பிறகு அதற்கு மேல், பிறகு அதற்கும் மேல். பதில் இல்லாததற்கு நினைவூட்டு, நினைவூட்டுக்கு நினைவூட்டு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த அட்டைகூட வரவில்லை. நெருக்கடி நிலை வந்தது. அலுவலகங்களில் எல்லாரும் பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ரயில் நேரத்துக்கு ஓடியது என்று பெருமை பேசினார்கள். என் பதில் அந்த ரயிலில் ஏறவில்லை. நெருக்கடி நிலை போனது. அப்போதும் வரவில்லை.

இதற்கிடையில் குழாய்க்கடைக்காரன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். பைப் ஃபிட்டர் வேலை. பாஸ்போர்ட்டுக்கு அவனையும் போலீஸ் விசாரித்தது. மகஜரில் அவன் பெயர் இல்லையே, ஒரே வாரத்தில் நல்லவன் ஆகிவிட்டான். மண்டிக்காரன் வீட்டை விட்டுப் போகவில்லை. அவன் அத்தா பயந்தது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

நான் மண்டிக்குப் போகும்போதெல்லாம் அவன் அத்தா தலையை நிமிர்த்தாமல், "போணி ஆவல, அப்பால வாங்க," என்பார். காலையில் போனாலும் அதுதான். மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும் நடு மத்தியானத்தில் போனாலும் அதுதான். ஒரே ஒரு நாள் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "தம்பி, ஊர்ல நாலு பேரு துப்பாக்கின்னு வாயால சொன்னாங்க. நீங்க அத்த எழுதிக் குடுத்தீங்க." அது உண்மைக்குப் புறம்பானது. நான் எழுதிக் கொடுத்தது நிபந்தனையோடு கூடிய வாசகம். அதை விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார்.

பதில் வந்தபோது அவர் இல்லை. மவுத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் அலுவலக முகவரிக்குத் தபால் சேவகர் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். வருடக் கணக்கு முடிக்கிற பரபரப்பில், ஒவ்வொரு அலுவலகமும் மேஜைக்கடியில் கிடந்ததையெல்லாம் பெருக்கி இன்னொரு அலுவலகத்தின்மேல் தள்ளிக்கொண்டிருந்த நாள். ஒரே பக்கம். கைப்பற்றப்பட்ட பொருள் ஆய்வு செய்யப்பட்டது. அதில் காற்றை அடைக்கவோ திறந்துவிடவோ எந்த அமைப்பும் காணப்படவில்லை. ஆகவே அது வெறும் இரும்புக் குழாய் என முடிவு செய்யப்படுகிறது, ஆயுதம் அன்று. பெயர் குறிப்பிடப்பட்டவர்மீது பாதகமாக ஏதுமில்லை. காக் வால்வையும் லாரி டியூப் வால்வையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் எழுதிய மனுக்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை, ஸ்டேஷனில் ஒரு திருடன் செய்து முடித்திருந்தான்.

அரை மணி நேரம் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு மண்டிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மறுபடியும் கடை திறந்திருந்தார்கள். அவன் அத்தாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தான். கை மடித்த சட்டை, தோள்மேல் சருகு.

"போணி ஆவல," என்றான்.

"மணி நாலு."

"அப்பால வா."

"பதில் வந்திருக்கிறது," என்றேன். "ஆயுதம் இல்லையாம்."

தட்டில் பாதி கொட்டியிருந்த உருளைக்கிழங்கு அப்படியே நின்றது. வாங்க வந்த அம்மாள், "இன்னா நைனா, நிறு," என்றாள். அவன் நிறுத்து, காகிதம் சுற்றி, சில்லறை கொடுத்து அனுப்பினான். கையைக் கோணியில் துடைத்தான். கடிதத்தை வாங்கவில்லை.

"தேதி இன்னா?"

"எழுதிய தேதியா, வந்த தேதியா?" அலுவலகத்தில் இரண்டும் வேறு வேறு, கேட்டே ஆக வேண்டும்.

"எழுதனது."

"போன வருடம் ஜூன்." கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, அனுப்பாமல் எங்கேயோ கிடந்திருக்கிறது.

அவன் வாய்க்குள் எண்ணினான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். விரலைக்கூட மடக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை எந்த மேலதிகாரியிடமும் நான் வாங்கியதில்லை.

"வந்தது?"

எந்தக் காகிதம் வந்தாலும் மேல் மூலையில் வரப்பெற்ற நாளை எழுதிச் சுருக்கொப்பம் இடுவது என் பழக்கம். அந்த மூலையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். 31 மார்ச் 1978.